கவிழ்ந்த வண்டியைத் தாண்டுவது

சாலைக் கடைத்தெருவின் பெட்டி ஆட்டோ ஸ்டாண்டில் எழுதிவைக்காத சட்டம் ஒன்று உண்டு. யூனியன்காரன் போட்டதல்ல, போலீஸ் போட்டதுமல்ல. வழியில் ஒரு பெட்டி ஆட்டோ கவிழ்ந்து கிடந்தால் பின்னால் வருகிற வண்டி அதைத் தாண்டிப் போகக்கூடாது. முட்டை ஏற்றியிருந்தாலும் சரி, ஐஸ் ஏற்றியிருந்தாலும் சரி, மந்திரி வீட்டுக் கல்யாணத்துக்கு வாழையிலை ஏற்றியிருந்தாலும் சரி, நிறுத்தி இறங்கித் தூக்க வேண்டும். மூன்றே சக்கரத்தில் அத்தனை பாரத்தையும் முதுகில் வைத்துக்கொண்டு ஓடுகிற அந்த வண்டி எப்போது சாயும் என்று ஓட்டுகிறவனுக்கே தெரியாது. ஒருமுறை ஒருவன் தாண்டிப் போய்விட்டான். ஸ்டாண்டில் அவனை யாரும் அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. அவன் வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்து போனார்கள், அவ்வளவுதான். மழைக்காலம் முடிவதற்குள் வண்டியை விற்றுவிட்டு நாகர்கோவிலைப் பார்க்கப் போய்விட்டான்.

அந்தச் சட்டத்தால் உயிரோடு இருக்கிற ஆள் வன்னியராஜ். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கேரளத்துக்குப் பிழைக்க வந்து, சுமடு தூக்கி, அப்புறம் சொந்தமாக ஒரு பெட்டி ஆட்டோ வாங்கியவர். திருவல்லம் வளைவில் வெங்காய மூட்டைகளோடு வண்டி சாய்ந்து வலது காலின்மேல் கிடந்தபோது, காரில் போன மகராசன்கள் எல்லாம் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனார்கள். பின்னால் வந்த ஸ்டாண்டுக்காரன் அஜின்தான் தன் வண்டியை நடுரோட்டில் போட்டுவிட்டு ஓடி வந்தான். தனியாளாகத் தோளைக் கொடுத்து வண்டியை நெம்பினான். உயிர் தப்பியது. கால் தப்பவில்லை. அதுவும் பிரேக் மிதிக்கிற கால்.

அதற்குப் பிறகு மகள் இசக்கிசெல்வி லைசன்ஸ் எடுத்தாள். பொம்பளைப் பிள்ளை பெட்டி ஆட்டோ ஓட்டுவதா என்று ஊரிலிருந்து போன்மேல் போன் வந்தது. பேசினவர்கள் யாரும் அரிசி வாங்கிக் கொடுக்கிறவர்கள் இல்லை. செல்வி ஹேண்டிலைப் பிடித்தாள். வன்னியராஜ் அந்த ஒற்றை ஸீட்டின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்தார். விடிகாலையில் சாலைக் கடைத்தெருவில் காய்கறி ஏற்றி, விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களுக்குச் சமைக்கிற கேன்டீன்களில் கொண்டு இறக்கும் வேலை. வளைவு வரும்போதெல்லாம் அவர் கண் ரோட்டில் இருக்காது. பிரேக்கின்மேல் இருக்கும் அவள் வலது காலின்மேல்தான் இருக்கும். இந்தக் கால் இதிலிருந்து முழுசாக வெளியே வந்துவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே ஆசை.

அப்படி இருக்கும்போதுதான் ஸ்நேகா வந்தாள். கிழக்கேகோட்டை நெரிசலிலிருந்து அவர்கள் வண்டியின் பின்னாலேயே விழிஞ்ஞம்வரை ஒரு சிவப்புக் கார் வந்தது. கேன்டீன் வாசலில் அதிலிருந்து இறங்கிய பெண்ணைப் பார்த்ததும் வன்னியராஜ் முந்திக்கொண்டு கேட்டார்.

“என்ன மேடம், உங்க வண்டியில எங்கயாச்சும் தட்டிப்போட்டாளா?”

“தட்டலையே அண்ணா, அதுதானே விசேஷம்! அந்த இடுக்குல என் கார் போகாதுன்னு நான் நின்னுண்டிருக்கேன். இவ வாழைக்குலையை ஏத்திண்டு சர்ருன்னு போய்ட்டா. ஒரு காய் உதிரலை. உங்க மகளா?”

“அதே. ஒத்த மக.”

“ரேஸ் ஓட்டறதுக்குப் பொண்களைத் தேடிண்டிருக்கேன். எனக்குக் குடுங்கோ இவளை.”

வன்னியராஜ் சிரித்துவிட்டார். “ரேஸா? காய்கறி வண்டி ஓட்டுதவளா? கொள்ளாம், நல்லாருக்கு.”

ஸ்நேகா வலியசாலை அக்ரஹாரத்துப் பெண். ஒரு காலத்தில் இந்தியா முழுக்கப் போய் ரேஸ் ஓட்டியவள். அவள் வீட்டில் நவராத்திரிக்குக் கொலு வைக்கிற அலமாரியில் பொம்மைகளோடு கோப்பைகளும் இருந்தன. அதற்குமேல் போக அவளுக்குக் கம்பெனியும் கிடைக்கவில்லை, வீட்டிலும் விடவில்லை. இப்போது ஒரு டயர் கம்பெனி பெண்பிள்ளைகளுக்கு ரேஸ் பயிற்சி என்று தொடங்கியிருந்தது. தேர்வாகிற ஒருத்திக்குக் கோயமுத்தூரில் ஒரு வருஷம் பயிற்சி, பிறகு கம்பெனியின் டீமில் இடம். ஒரே ஒருத்திக்குத்தான். இதுவும் வண்டி ஓட்டிப் பிழைப்பதுதான். ஆனால் முதுகில் வெங்காயம் இல்லை, கவிழ்ந்தால் ஓடி வர ஆம்புலன்ஸ் நிற்கும். வன்னியராஜுக்கு அது போதும்.

கழக்கூட்டம் தாண்டி ஒரு கார்ட் டிராக் இருந்தது. கார்ட் என்றால் தரையோடு தரையாக ஓடுகிற சின்ன வண்டி. கூரையும் கிடையாது, கதவும் கிடையாது. லோடு இறக்கிவிட்டு மத்தியான வெயிலில் செல்வி அங்கே போவாள். முதல் நாட்களில் வேகம் வேண்டும்போதெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்து முறுக்கினாள். பெட்டி ஆட்டோவின் பழக்கம்.

“கையை விடு செல்வி. அது ஆக்ஸிலேட்டர் இல்லை. எல்லாம் கால்ல. வலதுகால் வேகம், இடதுகால் பிரேக்.”

“அறியாம வந்துடுது மிஸ்ஸே.”

“வரப்படாது. பழசெல்லாம் மறக்கணும், கேட்டியா? ஒண்ணு விடாம மறக்கணும்.”

மறக்கத்தான் பாடுபட்டாள். ஸீட்டின் விளிம்பு இடித்து விலாவில் கன்றிப்போனது. கழுத்துக்கு வலு வேண்டும் என்று ஹெல்மெட்டில் பாரம் கட்டித் தலையைத் தூக்கித் தூக்கி இறக்கினாள். தாய் கோமதியம்மாளுக்குத் தம்பானூரில் ஒரு ஹோட்டல் சமையற்கட்டில் தேங்காய் துருவுகிற வேலை. வரும்போது முட்டை வாங்கி வருவாள். மரச்சீனிக் கிழங்கை வேகவைத்து, சாளை மீனைப் புளி விட்டு வற்றவைத்து, மகள் முன்னால் கொண்டு வைத்துவிட்டு அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துகொள்வாள்.

“ஏட்டி, அந்த முட்டைய முழுங்கு. களுத்து வாழத்தண்டு மாதி இருக்கப்பிடாதுன்னு மிஸ்ஸு சொன்னாவல்லா?”

“வயித்துல எடமில்லம்மா.”

“ரேஸுக்காரிக்கு வயித்துல எடமில்லன்னா எப்பிடி? தின்னு மக்கா.”

ஓட்டுவது மட்டும் பயிற்சி இல்லை. கேமரா முன்னால் எப்படி நிற்பது, தோற்றால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது, ஜெயித்தால் டயர் கம்பெனிக்கு ஆங்கிலத்தில் எப்படி நன்றி சொல்வது, எல்லாம் ஸ்நேகா சொல்லிக் கொடுத்தாள். செல்வி பாத்திரம் கழுவும்போதும் அந்த நன்றியைச் சொல்லிப் பார்ப்பாள். ரேஸ் வண்டி ஓட்டுகிறவள் டயருக்கு ஏன் கும்பிடு போட வேண்டும் என்று கோமதியம்மாளுக்கு விளங்கவே இல்லை.

கொடிகளும் பாடம். மஞ்சள் கொடி காட்டினால் முன்னே விபத்து. வேகத்தைக் குறைக்க வேண்டும், முன்னால் ஓடுகிற வண்டியை முந்தக்கூடாது. ஆனால் நிறுத்தவே கூடாது. கவிழ்ந்தவளைத் தூக்க மார்ஷல்கள் இருக்கிறார்கள். நடு டிராக்கில் நின்றால் பின்னால் வருகிறவள் மோதிச் சாவாள். செல்வி அதைத் தலைகீழாக ஒப்பிப்பாள்.

தேர்வு இடவப்பாதி மழைக்குக் கொஞ்சம் முந்தி வந்தது. வானம் உருண்டு திரண்டு நின்றது, ஒரு சொட்டு விழவில்லை, வேர்த்து ஊற்றியது. சென்னையிலிருந்து கம்பெனி ஆட்கள் வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். சாலை ஸ்டாண்டில் அன்று பாதி வண்டி ஓடவில்லை. அஜின், பிரஜின் எல்லாரும் ஆட்களைப் பெட்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து கம்பிவேலியைப் பிடித்து நின்றார்கள். டிராக்கின் வாட்ச்மேன் அவர்களை இரண்டுமுறை விரட்டினான். மூன்றாம் முறை அவனும் சேர்ந்து நின்றான்.

கடைசிச் சுற்றுக்கு வந்த நாலு பெண்களில் அனுஷா முன்னால் போனாள். செல்வி அவள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனாள். ஸ்நேகாவுக்குத் தெரியும், கம்பெனிக்காரர்களுக்கும் தெரியும், வேலியைப் பிடித்து நின்ற சுமட்டுக்காரனுக்கும் தெரியும்: முடிகிற நேரத்தில் செல்வி முந்துவாள். வாழைக்குலை வண்டியை நுழைத்தவளுக்கு இது என்ன பெரிய காரியம்?

“இப்போ எடுப்பா பாரு, இந்த வளைவுல எடுப்பா!” என்று அஜின் குதித்தான்.

அந்த வளைவில்தான் அனுஷாவின் சக்கரம் ஓரத்து டயர்ச் சுவரில் ஏறியது. வண்டி எழும்பித் தலைகீழாக விழுந்தது. அவள் அதன் அடியில் கிடந்தாள். ஒரு கை மட்டும் வெளியே தெரிந்தது.

“நிறுத்து மோளே! நிறுத்து!”

முதலில் கத்தியது வன்னியராஜ். அடுத்த நொடியில் ஸ்டாண்டே கத்தியது. இன்ஜின் சத்தத்திலும் ஹெல்மெட்டுக்குள்ளும் அது செல்வியின் காதில் விழ வழியே இல்லை. ஆனாலும் அவள் நிறுத்தினாள். மஞ்சள் கொடி ஆடுகிறது, மார்ஷல்கள் ஓடி வருகிறார்கள், அவர்களுக்கு முந்தி இவள் குதித்துப் போய்த் தோளைக் கொடுத்து அந்த வண்டியைப் புரட்டிவிட்டாள். பின்னால் வந்த ஒருத்தி நடுவில் நின்ற செல்வியின் கார்ட்டில் மோதாமல் ஒடித்துத் திருப்பி, டிராக்கைவிட்டு இறங்கித் தப்பித்தது அவள் தாய் செய்த புண்ணியம். வேலியில் விசிலடித்தார்கள். வன்னியராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பந்தலில் ஸ்நேகா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டதை யாரும் பார்க்கவில்லை.

அனுஷாவுக்கு மணிக்கட்டு பிசகியது, அவ்வளவுதான். செல்வியைத் தகுதி நீக்கம் செய்தார்கள். எல்லாருக்கும் பின்னால் வந்துகொண்டிருந்த சுப்ரியா, நின்றவளையும் விழுந்தவளையும் ஒழுங்காகத் தாண்டிப் போய் ஜெயித்தாள். இடம் அவளுக்குப் போயிற்று. அவள்மேல் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? பாடத்தில் உள்ளதைச் செய்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. செல்வி வண்டியைப் புரட்டுகிற வீடியோவை யாரோ போட, கேரளமே பார்த்தது. சேனல்காரர்கள் அவர்கள் ஒற்றை அறை வீட்டுக்குள் லைட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். கவுன்சிலர் பொன்னாடை போர்த்தினார். “மனுஷ்யத்வம்” என்று ஒருத்தர் அரைமணி நேரம் பேசினார். அந்த டயர் கம்பெனியே அதை விளம்பரமாகப் போட்டது. பின்னால் வயலின் வாசிக்க, செல்வி குனிகிறாள், தூக்குகிறாள், கீழே கம்பெனியின் பெயர் வருகிறது. அதற்கு யாரும் அவளைக் கேட்கவில்லை. விளம்பரத்துக்கு அவள் ஆனாள், டீமுக்கு ஆகவில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் ஸ்நேகா வீட்டுக்கு வந்தாள். கோமதியம்மாள் பால் விடாமல் கட்டன்சாயா போட்டுக் கொடுத்தாள். செல்வி சுவரோரம் நின்றாள்.

“எவ்வளவோ சொல்லிப் பாத்தேன் அண்ணா. அவா கேக்கலை. டிராக்குல நிறுத்தறவளை நம்பி வண்டி குடுக்க முடியாதுங்கறா. அதுல தப்பும் சொல்ல முடியலை.”

“பின்னே அந்தப் படத்த மட்டும் ஏன் மேடம் போட்டுக் காமிக்கான்?”

ஸ்நேகா டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எனக்கும் ஒரு தடவை இப்படி நடந்தது. முன்னால போனவ சுவத்துல மோதிண்டு கிடந்தா. நான் தாண்டிப் போனேன். எங்காத்துல நீங்க பாத்தேளே, பெரிய கோப்பை, அது அன்னிக்கு வாங்கினதுதான். அந்தப் பொண்ணு பேரு இப்ப ஞாபகம்கூட இல்லை. அது பாவமில்லை அண்ணா. அதுதான் தொழில். இவகிட்ட எல்லாம் மறக்கணும்னு சொன்னேன். இதை மறக்கச் சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லை.”

“இனி ஒரு சான்ஸு?”

“அடுத்த வருஷம் வயசு தாண்டிடும். ஒண்ணு பண்ணலாம். டீமோட டயரெல்லாம் ஏத்திண்டு போற வேன் இருக்கு. அதுக்கு டிரைவர் வேணும். லேடி டிரைவர்னா அவாளுக்கும் சந்தோஷம்.”

லோடு வண்டி! சுற்றிச் சுற்றிக் கடைசியில் லோடு வண்டி. செல்வி முதன்முறையாக வாயைத் திறந்தாள். “வேண்டாம் மிஸ்ஸே. எனக்கு ஒரு லோடு வண்டி இருக்கு.” ஸ்நேகா குடையை எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் அவள் அழுத மாதிரி இருந்தது என்று கோமதியம்மாள் சொன்னாள். மழையாகவும் இருக்கலாம்.

கார் சத்தம் மறைகிற வரைக்கும் வன்னியராஜ் பொறுத்துக்கொண்டிருந்தார். பிறகு வெடித்தார்.

“ஏட்டி, ஒனக்கு மண்டையில மூள இருக்கா, களிமண்ணா? அவ்வளவு படிச்சுத் தந்தாவல்லா, நிக்காத நிக்காதன்னு? அவ ஆரு ஒனக்கு? ஒன் கூடப் பொறந்தவளா?”

“ஸ்டாண்டுல நாம...”

“ஸ்டாண்டும் மயிரும்! ஸ்டாண்டா ஒனக்குச் சோறு போடுது? தூக்குறதுக்கு அங்க ஆள நிப்பாட்டியிருக்கான். நீ எதுக்குட்டி எறங்குன? எங்காலு போனது போதாதா? ஒங்காலும் அந்த வண்டிக்கடியிலதான் போவணுமா?”

“கால் தன்னால பிரேக்குக்குப் போயிட்டுப்பா. நான் நெனச்சுச் செய்யல.”

“இனிமே நெனச்சுச் செய். எவன் கவுந்து கெடந்தாலும் செரி, ஒன் அப்பனே கெடந்தாலும் செரி, தாண்டிப் போ. கேட்டியா? தாண்டிப் போறவந்தான் இந்த ஊர்ல பொழைக்கான்.”

“வாயக் களுவும்” என்றாள் கோமதியம்மாள். “வெளக்கு வச்ச நேரத்துல என்ன பேச்சு இது? ஒம்ம ஆரு தூக்குனா அன்னைக்கு?”

“நீ சும்மா இரு.”

வேலிக்கு அந்தப் பக்கம் முதலில் கத்தியது தான்தான் என்று அவர் சொல்லவில்லை. செல்வி அவர் முகத்தைப் பார்த்தாள்.

“செரிப்பா” என்றாள்.

அதோடு அவள் வீட்டில் பேசுவது நின்றுபோயிற்று. வேலையில் குறை வைக்கவில்லை. விடிகாலையில் எழுந்து, லோடு ஏற்றி, தார்ப்பாய் கட்டி, ஓட்டி, இறக்கி, கணக்குச் சொல்லிப் படுத்துக்கொள்வாள். முட்டையை வைத்தால் தின்னுவாள், வைக்காவிட்டால் கேட்கமாட்டாள். கோமதியம்மாள் ஒருநாள் வன்னியராஜைத் தனியாகக் கூப்பிட்டு, “அவகிட்ட நல்ல வார்த்த ஒண்ணு சொல்லும். ஒம்ம வாயில முத்தா உதிந்துரும்?” என்றாள். சொல்லத்தான் நினைத்தார். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். நமக்கெல்லாம் சொந்தப் பிள்ளையிடம் நல்ல வார்த்தை சொல்வதற்கு மட்டும்தான் நேரம் காலம் பார்க்க வேண்டியிருக்கிறது.

இடவப்பாதி முழுமூச்சாக அடித்துக்கொண்டிருந்த ஒரு காலை. விழிஞ்ஞத்துக்கு மூன்று வண்டிகள் வரிசையாகப் போயின. முன்னால் அஜின், பெட்டி நிறைய மரச்சீனி மூட்டை. நடுவில் செல்வியும் வன்னியராஜும், பெட்டியில் தக்காளியும் சவ்சவ்வும். கொஞ்சம் பின்னால் பிரஜின். ரோட்டில் தண்ணீர் ஆறாக ஓடியது. வைப்பர் கிரீச் கிரீச் என்று தள்ளியது.

திருவல்லம் வளைவில் குறுக்கே ஒரு ஸ்கூட்டர் வந்தது. அஜின் வெட்டித் திருப்பினான். மரச்சீனி ஒருபக்கமாகச் சரிந்தது. வண்டி நிதானமாக, யோசித்துச் சாய்வது போலச் சாய்ந்தது. மூட்டைகள் அவிழ்ந்து கிழங்குகள் ரோடெல்லாம் உருண்டன. அஜினின் பாதி உடம்பு உள்ளே கிடந்தது, பாதி வெளியே.

“நிறுத்து மோளே! நிறுத்து!”

இந்தமுறை ஹெல்மெட் இல்லை. அவர் வாய் அவள் காதுக்கு ஒரு முழம்கூட இல்லை. செல்வி அஜினைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பிறகு கண்ணை ரோட்டுக்குத் திருப்பி, ஸ்நேகா சொல்லிக் கொடுத்தபடி வளைவின் உள்விளிம்பை ஒட்டிக்கொண்டு, உருண்ட கிழங்குகளுக்கும் கவிழ்ந்த வண்டிக்கும் நடுவில் இருந்த இடுக்கில் நுழைத்துத் தாண்டிப் போனாள். ஒரு தக்காளி உருளவில்லை.

“ஏட்டி, அஜினுட்டி! நிறுத்துட்டி!”

வன்னியராஜ் பிரேக்கை மிதிக்கக் காலை நீட்டினார். அது அவர் சொன்னபடி கேட்கிற கால் இல்லை. அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். வண்டி ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு சிக்னலில் சிவப்பு விழுந்துதான் நின்றது. அவர் இறங்கினார்.

“லோடு பிந்தும்ப்பா” என்றாள் செல்வி. முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை விழுந்ததும் போய்விட்டாள்.

கொட்டுகிற மழையில் காலை இழுத்துக்கொண்டு அவர் திரும்பி நடந்தார். அழுதாரா என்று கேட்டால் அழுதார். அந்த ஸ்டாண்டில் இனி எந்த முகத்தோடு உட்காருவது என்று ஒரு நினைப்பு. அவளுக்கு அந்த முகத்தைக் கொடுத்ததே நான்தானே என்று இன்னொரு நினைப்பு. இரண்டும் மாறி மாறி அறைந்தன.

அவர் போய்ச் சேர்வதற்குள் பிரஜினும், பின்னால் வந்த வேறு இரண்டு வண்டிக்காரர்களும் அஜினை வெளியே எடுத்திருந்தார்கள். நடுரோட்டுத் திட்டில் உட்கார்ந்திருந்தான். புருவம் கிழிந்து ரத்தம் மழையோடு சேர்ந்து ஓடியது. இடதுகையை மடியில் தூக்கி வைத்திருந்தான். வன்னியராஜைக் கண்டதும் அவன் எழுந்தேவிட்டான்.

“அண்ணாச்சி! செல்வி எங்க? அவளுக்கு ஒண்ணும் ஆகலயே?”

வன்னியராஜ் சிக்னல் பக்கம் கையைக் காட்டினார்.

“பிரேக்கு போச்சு, அல்லே? நான் பாத்தேன் அண்ணாச்சி. எம்மொகத்தப் பாத்துக்கிட்டேதான் போனா. பாவம், மிதிச்சிருக்கா, பிடிக்கல. இந்த மழையில பிரேக்கு டிரம்முக்குள்ள வெள்ளம் கேறினா அப்பிடித்தான். எங்கயாச்சும் முட்டிப்போட்டாளா? நீங்க குதிச்சீங்களா?”

பிரஜினும் மற்றவர்களும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிரேக் போனதைத் தவிர வேறு ஒன்று இருக்கக்கூடும் என்று அந்த முகங்களில் ஒன்றுக்கும் தோன்றவில்லை.

“ஆமா மக்கா” என்றார் வன்னியராஜ். “பிரேக்கு இல்ல.”

“அய்யோ, என் மாதாவே! பின்னே இங்க என்னத்துக்கு நிக்கோம்? பிரஜினே, எடுறா வண்டிய. சிக்னல் தாண்டி எறக்கம்லா!”

கிழங்குகளை அப்படியே மழையில் விட்டுவிட்டு, அடிபட்ட கையைப் பிடித்துக்கொண்டு அஜின்தான் முதலில் ஓடிப் பிரஜினின் வண்டியில் ஏறினான். மற்றவர்கள் தொத்திக்கொண்டார்கள். “வாங்க அண்ணாச்சி, கைய நீட்டுங்க” என்று யாரோ அவரைப் பெட்டிக்குள் தூக்கிப் போட்டார்கள். செல்வியைக் காப்பாற்ற வண்டி விரைந்தது.